ஏசிக்காரர் வீட்டுக் கார்

தெருவில் அவருக்கு ஏசிக்காரர் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வங்கிப் புத்தகத்திலும் மாமனார் வாயிலும் மட்டும் வழங்கிவந்தது. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு வங்கிக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் தரைக்குக் கீழே, ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் அவருக்கு வேலை. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தடிமனில் குழாய்கள், அவற்றின் மேல் முள் ஆடும் மீட்டர்கள், ஓயாத இரைச்சல். மொத்தக் கட்டடத்துக்கும் குளிர்காற்று அங்கிருந்துதான் போகும். மேலே எல்லோரும் சில்லென்று உட்கார்ந்து வேலை பார்க்க, குளிரை அனுப்புகிற மனிதர் கீழே பனியனோடு ஒரு பழைய மேசை விசிறியின் முன்னால் வியர்த்துக்கொண்டிருப்பார். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். தன்னைப் பற்றிய கேலியை அடுத்தவர் ஆரம்பிக்கும் முன்பே தான் ஆரம்பித்து முடித்துவிடுவது அவர் வழக்கம். அதற்கு மேல் சொல்ல யாருக்கும் எதுவும் மிஞ்சாது. இந்தக் கார் கதையும் அப்படி அவர் வாயாலேயே வெளியே வந்ததுதான். வீட்டு அம்மாள் மூச்சுக்கூட விடவில்லை.

மேலேயிருந்து நாள் முழுக்கப் புகார் வரும். ஒரே அறையில் ஒருவருக்குப் புழுங்கும், பக்கத்து நாற்காலிக்காரருக்கு நடுங்கும். தொழிலுக்குப் புதிதாக வந்தபோது ஒவ்வொரு புகாருக்கும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிறகு தொழிலின் பெரிய ரகசியம் பிடிபட்டது. அதற்குப் பெயர் டம்மி. ரொம்பவும் தொல்லை கொடுக்கிறவரின் மேசைக்குப் பக்கத்துச் சுவரில், நீலமும் சிவப்பும் பூசிய அழகான ஒரு திருகு குமிழை, அதாவது நாப்பை, மாட்டிவிட வேண்டியது. பின்னால் ஒயரை முடிச்சுப் போட்டுச் சுவருக்குள் தள்ளிவிட வேண்டியது. அது எதோடும் சேர்ந்திருக்காது. ஆனால் திருப்புகிற கைக்கு அது தெரியாது.

நாலாவது மாடியில் கணக்குப் பிரிவு மேடம் ஒருவர். கொளுத்துகிற வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "கழுத்து விறைச்சுப் போகுது சார், கொஞ்சம் கொறைங்களேன்" என்று தினமும் போன் செய்வார். அவருக்கு ஒரு டம்மி மாட்டிவிட்டார் ஏசிக்காரர். சாயங்காலமே போன் வந்தது. "இப்பதான் சார் நல்லா இருக்கு. ரொம்ப நன்றி." அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"குளிர்ங்கறது பாதி உடம்புல, பாதி மனசுல. மனசுக்கு ஒரு நாப் குடுத்துட்டா போதும், அடங்கிடும்."

மனைவி தையல் மெஷினிலிருந்து நிமிராமல் கேட்டாள். "அப்ப அந்தம்மாவுக்கு நெஜமாவே கழுத்து வலிச்சா?"

"வலிச்சா ஏன் நன்றி சொல்லப் போறாங்க?"

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. வீட்டின் முன்னறையில் பள்ளிச் சீருடைகள் தைப்பது அவள் தொழில். நீலத் துணியும் நீல நூலும் வீடெங்கும் இழையும். சோற்றுத் தட்டில்கூட ஒரு நீல இழை கிடக்கும். தான் சாப்பிட்ட நூலுக்கு ஒரு சட்டையே தைத்திருக்கலாம் என்பது ஏசிக்காரரின் நெடுநாள் கணக்கு.

கார் விஷயத்துக்கு வருவோம். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஏற்கெனவே ஒருவர் ஓட்டித் தேய்த்த வண்டியை வாங்கினார். பின்பக்க ஜன்னல் ஒன்று, கண்ணாடியைக் கையால் பிடித்து இழுத்தால்தான் இறங்கும். இடது பக்கம் திரும்பினால் ஹார்ன் தானாக ஒருமுறை அடிக்கும். ஆனால் ஏசி மட்டும் அமர்க்களம். பானெட்டுக்குள் அவர் கை படாத இடம் கிடையாது. வெயில் காலத்தில் தெருக்காரர்கள் காரணமே இல்லாமல் "எந்தப் பக்கம் போறீங்க, நானும் வரேன்" என்று ஏறிக்கொள்வார்கள். அதைக் கேட்டால் அவருக்குக் கால் நிலத்தில் பாவாது. நாப்பை நீலக் கோட்டின் கடைசி முனையில் வைத்துவிட்டு, அங்கிருந்து அசைக்கவே மாட்டார். காற்று முகத்தில் அறையும்.

அது அறைவது பக்கத்து சீட்டில் உட்காரும் மனைவியின் காதிலும்தான். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே காது தொந்தரவு. காதைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, "கொஞ்சம் கொறைங்களேன்" என்பாள். அவர் உடனே, "இதோ" என்று கையை நாப்பின் மேல் வைப்பார். மணிக்கட்டு அழகாகத் திரும்பும். "கொறச்சாச்சு" என்பார். நாப் இருந்த இடத்திலேயே இருக்கும். கையை வைப்பதும் எடுப்பதும் அத்தனை சுத்தம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கணக்குப் பிரிவு மேடத்தைப் போலவே இவளும் அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார்.

கோடையின் நடுவில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன் செய்து எடுத்ததால் சில நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டியிருந்தது. பிறகு கொஞ்ச காலம் அம்மா வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்வதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அனுப்புவதாகச் சொன்ன நர்ஸ், போகிற போக்கில் ஒன்றையும் சொல்லிவிட்டுப் போனாள். "வெயில்ல வேகவெச்சுக் கொண்டு போயிடாதீங்க. வண்டிக்குள்ள இதமா இருக்கணும்."

ஆஸ்பத்திரி ஊரின் ஒரு கோடி, வீடு மறு கோடி. நடுவே பாலமும் சிக்னல்களும். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனசோடுதான் கேட்டார். "எங்க வண்டியிலயே கொண்டாந்து விட்டுடறோம் சம்பந்தி. புது வண்டி. பின் சீட்டுக்குத் தனியாவே ஏசி வருது."

அந்தக் கடைசி வரி இல்லாமல் இருந்திருந்தால் அவர் சரியென்று தலையாட்டியிருப்பார். பின் சீட்டுக்குத் தனி ஏசியாம்! யாரிடம் சொல்கிறார்கள்? ஒரு கட்டடத்தையே குளிர வைக்கிறவரிடம்!

"அதெல்லாம் வேணாம் சம்பந்தி. எம் பேத்தி மொதமொதலா ஏறுற வண்டி எங்க வண்டியாத்தான் இருக்கணும். நம்ம ஏசியில ஒரு தடவ வந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க."

வாய்தான் அவருக்கு முதல் எதிரி. மழைக்காலத்துக்குப் பிறகு அந்த வண்டியில் ஏசி போடும்படி எங்கும் போகவில்லை. வேலைக்கு ஆபீஸ் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். கடைகண்ணிக்குச் சாயங்காலத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டியதோடு சரி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, சம்பந்தியிடம் பேசிய வீறாப்பு ஆறுவதற்குள், ஜன்னலை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டார். நாப்பை நீல முனைக்குத் திருப்பினார். வெண்ணெயில் விரல் போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. போன வருஷம் போட்ட கிரீஸ் இன்னமும் வேலை செய்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

காற்று வந்தது. குளிர்ந்த காற்று அல்ல. வெந்நீர்ப் பானையின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று.

பாலத்தின் மேல் போவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நாப்பை முழுக்கச் சிவப்புக்குக் கொண்டுபோய் மறுபடி நீலத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு நொடி குளிர்ந்த மாதிரி இருந்தது.

"இப்பக் கொஞ்சம் பரவாயில்ல, இல்ல?" என்றார் மனைவியிடம்.

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். துண்டு கட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலீங்க" என்றாள்.

வீடு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பானெட்டைத் திறந்தார். மனைவி டார்ச்சோடு வந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் டார்ச் பிடிப்பது அவள் பொறுப்பு. மிக்ஸியைப் பிரித்தாலும் தண்ணீர் மோட்டாரைப் பிரித்தாலும் அவள்தான் வெளிச்சம். "நேரா பிடி, எனக்குப் பிடி, உனக்கா பிடிக்கிற?" என்று வாங்கிக் கட்டிக்கொள்ளும் பொறுப்பும் அதோடு சேர்ந்ததுதான்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். அந்த நாப்பு இருக்கில்ல..." என்று ஆரம்பித்தாள்.

"நாப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இது காஸ் பிரச்சினை. நீ டார்ச்ச மட்டும் பிடி."

அவள் டார்ச்சை மட்டும் பிடித்தாள்.

பானெட்டைத் திறந்து வைத்த வண்டியைக் கண்டால் தெருவே டாக்டராகிவிடும். மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து பேட்டரி என்றார். மாடி வீட்டுப் பெரியவர், எஞ்சின் ஆயில் கறுத்திருக்கும், அதுதான் சூடு என்றார். மனைவியின் தம்பி லாரி ஓட்டுகிறவன். லாரியில் ஏசி கிடையாது. அந்தத் தகுதியோடு அவனும் வந்து நின்றான். "மாமா, கம்ப்ரசர் அவுட்டு. சத்தத்திலயே தெரியுது."

"மாப்ள, வண்டி இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல" என்றார் ஏசிக்காரர்.

மறுநாள் காஸ் போடுகிற ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அங்கிருந்தவர் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "காஸ் சரியா இருக்கு சார்" என்றார். ஏசிக்காரர் சிரித்தார். தான் யார், எத்தனை மாடிக் கட்டடம், எவ்வளவு பெரிய மெஷின் என்றெல்லாம் விளக்கினார். உள்ளே இருக்கிற காஸை வெளியேற்றிவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார். ஒர்க்ஷாப்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புத்தம்புதுக் காஸில் அதே வெந்நீர்க் காற்று வந்தது.

அடுத்து ஃபேனைக் குற்றம் சொன்னார். ஃபேன் சமர்த்தாகச் சுற்றியது. வடிகட்டியைக் கழற்றினார். அது அவர் பனியனைவிடச் சுத்தமாக இருந்தது. ஃப்யூஸை மாற்றினார், பெல்ட்டை இறுக்கினார். இடையில் ஒரு நாள் பேனெலுக்குப் பின்னால் தட்டிப் பார்த்ததில் ரேடியோ போயிற்று. ஏசி கேட்டவருக்குப் பாட்டும் இல்லாமல் ஆனது.

அன்று மனைவி மறுபடி வாயைத் திறந்தாள். "டேஷ்போர்டுக்குக் கீழ பார்த்தீங்களா?"

"அங்க வெறும் ஒயரும் கேபிளும்தான். முன்னாடி சரியானா பின்னாடி தானா சரியாயிடும்."

"இல்லீங்க, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"ஏம்மா, நான் உன் தையல் மெஷின்ல வந்து தலையிடறனா?"

அவள் முகம் சுருங்கியது. டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் வழக்கத்தைவிட வேகமாக ஓடும் சத்தம் கேட்டது.

அவருக்கு உள்ளுக்குள் குழப்பம். எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே போகும் அலுமினியக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ் மாதிரி இருந்தது, மேலெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டி ஓடியது. எல்லாமே ஒழுங்கு. உள்ளே வந்து உட்கார்ந்தால் மட்டும் வேக்காடு. மேல் மாடிக்காரர்களுக்கு அவர் தினமும் சொல்லும் பதில் நினைவுக்கு வந்தது: மெஷின் நல்லாத்தான் ஓடுது, உங்களுக்குத்தான் அப்படித் தோணுது. இப்போது அதே பதிலை அவருடைய மெஷின் அவருக்கே சொல்லிக்கொண்டிருந்தது. யாருக்குப் போன் செய்து திட்டுவது என்று தெரியவில்லை. திட்ட வேண்டிய நம்பர் அவருடையதாகவே இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, ஏசி சரியாயிடுச்சா?"

"ஆயிட்டே இருக்கு."

"எனக்கும் நம்ம வண்டியில வரணும்னுதான் ஆசை. பாப்பாவுக்காகத்தான் கேக்கறேன். ஆகலைன்னா சொல்லிடுங்கப்பா, அத்தை வண்டியிலயே வந்துடறேன். நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தப்பா நினைக்க மாட்டேன் என்று பெற்ற பெண் சொன்னது நெஞ்சில் போய்த் தைத்தது. பள்ளிக்கூட நாட்களில் இந்தக் காரில்தான் அவளை ஏற்றிப் போவார். தோழிகளிடம், எங்க அப்பா ஏசி செய்றவரு என்று பெருமையடித்துக்கொண்ட பெண். நாளைக்கு அந்தப் பெண், சம்பந்தியம்மாவின் பின் சீட்டுத் தனி ஏசியில் குழந்தையோடு வந்து இறங்குவாள். அவர் வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். "பாப்பாவுக்கு வழியில ஒண்ணும் கஷ்டம் இல்லையே?" என்று கேட்பார்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். பார்க்காமல் விட்ட இடம் ஒன்றுதான். டேஷ்போர்டின் கீழே.

அங்கே பார்க்க வேண்டுமென்றால் மனிதன் தலைகீழாக வேண்டும். முதுகை முன் சீட்டின் விளிம்பில் சாய்த்து, தலையைப் பெடல்களுக்குப் பக்கத்தில் வைத்து, கால்களைச் சீட்டின் முதுகு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டார். தொந்தி கழுத்துக்கு வந்தது. வேட்டை முடிந்து தொங்கவிட்ட ஏதோ பிராணி மாதிரி இருக்கிறோம் என்று அவருக்கே தோன்றியது. அந்த நேரம் பார்த்து மருந்துக் கடைக்காரர், "என்ன சார், யோகாவா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

"டார்ச்சு!" என்று கத்தினார்.

மனைவி வந்தாள். கதவோரம் குந்தி உட்கார்ந்து வெளிச்சத்தை உள்ளே காட்டினாள்.

வண்டி ஏசியில் சூட்சுமம் ஒன்று உண்டு. குளிர்ந்த காற்று ஒரு வழியாகவும், எஞ்சின் சூட்டில் காய்ந்த காற்று இன்னொரு வழியாகவும் வரும். நடுவில் ஒரு சின்னக் கதவு. நாப்பைத் திருப்பினால் ஒரு கம்பிக் கேபிள் அந்தக் கதவை இழுத்து, எது எவ்வளவு வரலாம் என்று தீர்மானிக்கும். பெரிய கட்டடத்திலும் இதேதான். வருஷக் கணக்காக அவர் ஏணி மேல் நின்று சரி செய்கிற கதவு. சொந்தக் காரில் அது இருக்கும் நினைப்பே வரவில்லை. காஸ், கம்ப்ரசர் என்று பெரிய விஷயங்களிலேயே புத்தி மேய்ந்துகொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் உள்ள காட்டு. இடது பக்கம்."

வெளிச்சம் இடது பக்கம் போனது. கேபிள் தெரிந்தது. அதன் முனை கதவின் பிடியில் இல்லை. கழற்றி ஓரமாக ஒதுக்கி, பக்கத்து ஒயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கதவின் பிடியையும் பாதியில் நிறுத்தி, அசையாமல் ஒரு கம்பியோடு கட்டியிருந்தது. சுற்றிச் சுற்றி, இழுத்து முடிந்து, மிச்சத்தை ஒட்டக் கத்தரித்த அழகான கட்டு. நீல நூல். பள்ளிச் சீருடை நீலம்.

டார்ச் வெளிச்சம் மெல்ல நகர்ந்து பிரேக் பெடலைக் காட்டியது.

"டார்ச்ச நேரா பிடி" என்றார்.

வெளிச்சம் திரும்பி வந்து முடிச்சின் மேல் நின்றது.

"இது என்ன நூலு?"

"பட்டன் தைக்கிற நூலு. ரெட்டையாப் போட்டேன். லேசுல அறாது."

"எப்பக் கட்டின?"

"மழைக்காலத்துல. உங்க தங்கச்சி வீட்டுக்குப் போறதுக்கு முந்தின நாளு. அவ்வளவு தூரம் காத அந்தக் காத்துல குடுக்க முடியாதுன்னு கட்டினேன்."

அந்தப் பயணம் நினைவுக்கு வந்தது. வெளியே மழை, உள்ளே இதமான காற்று. "ஏசின்னா இது ஏசி!" என்று வழி நெடுகத் தன் கைவண்ணத்தைத் தானே புகழ்ந்துகொண்டு ஓட்டியிருந்தார். நாப் அன்றே எதோடும் சேர்ந்திருக்கவில்லை. மழைக் குளிரில் இதமாக இருந்த அந்தப் பாதிக் கதவுக் காற்றுதான் கோடையில் வெந்நீர்க் காற்றாகியிருந்தது. போன வருஷத்துக் கிரீஸும் இல்லை, கைவண்ணமும் இல்லை.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது, எது எங்க இருக்குன்னு?"

"எத்தன வருஷமா டார்ச்சு பிடிக்கிறேன். வெளிச்சம் உங்களுக்கு மட்டுமா தெரியும்?"

தலைகீழாகக் கிடந்தவருக்கு ரத்தம் முழுக்க முகத்துக்கு வந்திருந்தது. அது மட்டும்தானா காரணம் என்று சொல்ல முடியாது.

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல? நான் புதுசா காஸ் போட்டேன், ரேடியோவக் கெடுத்தேன், தெருவே பார்த்துச் சிரிச்சுது."

"மொத நாளே சொல்ல வந்தேன். டார்ச்ச மட்டும் பிடின்னீங்க. காஸ் பிரச்சினைன்னு அடிச்சு சொன்னீங்க. சரி, நெஜமாவே காஸ்தான் போலன்னு நானும் இருந்துட்டேன். மறுபடி சொல்ல வந்தப்ப, தையல் மெஷின்ல தலையிடறனான்னு கேட்டீங்க. அப்ப எனக்கும் கோவம் வந்துடுச்சு. கிடந்து அல்லாடட்டும்னு விட்டுட்டேன். இன்னிக்கு ராத்திரி நானே அவுத்துடலாம்னு இருந்தேன்."

"கொறைங்கன்னு கேட்டா நான் கொறைக்கிறவன்தான? அப்புறம் எதுக்கு இந்தக் கட்டு?"

கேட்ட மறுகணமே கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. வாய்தான் முதல் எதிரி என்று முன்பே சொல்லியிருக்கிறது.

அவள் குரல் உயரவில்லை. "கைய மேல வெப்பீங்க. மணிக்கட்ட மட்டும் திருப்புவீங்க. கொறச்சாச்சும்பீங்க. ரொம்ப நாள் நான் நம்பினேன். இவ்வளவு கொறச்சும் நமக்கு வலிக்குதே, நம்ம காதுலதான் கோளாறுன்னு நெனச்சுட்டு துண்டக் கட்டிக்கிட்டேன். அந்தக் கணக்குப் பிரிவு அம்மா கதைய நீங்க சிரிச்சு சிரிச்சு சொன்னீங்களே, அதுக்கப்புறம்தான் உங்க கையப் பார்க்க ஆரம்பிச்சேன்."

தன்னைக் கேலி செய்துகொள்வதில் அவ்வளவு கெட்டிக்காரரான அவருக்கு அப்போது ஒரு கேலியும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். ஒவ்வொரு பயணத்திலும் பக்கத்தில் ஒருத்தி வலியோடு உட்கார்ந்திருக்க, அவர் தன் மணிக்கட்டின் சாமர்த்தியத்தை ரசித்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார்.

"ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை கேட்கிறோம் என்பது கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது.

"வீட்டுக்கு வந்தப்புறம் நாள் முழுக்க குத்தும்." அவள் எழுந்து போய், நூல் வெட்டும் சின்னக் கத்தரியோடு திரும்பி வந்தாள். "டார்ச்ச நீங்க பிடிங்க."

வாங்கிக்கொண்டு பிடித்தார். அவள் வண்டியின் மறுபக்கக் கதவு வழியாகக் கையை நுழைத்து, இரண்டே வெட்டில் இரண்டு கட்டையும் விடுவித்தாள். வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.

"நேரா பிடிங்க. எனக்குப் பிடிங்க" என்றாள்.

கேபிளைப் பிடியில் மாட்டி முடித்ததும் அவரை வெளியே எடுப்பது தனி வேலையாக இருந்தது. தொந்தி ஸ்டியரிங்கில் சிக்கியது. கடைசியில் லாரிக்கார மைத்துனன் வந்து காலைப் பிடித்து இழுத்தான். "சொன்னேனில்ல மாமா, கம்ப்ரசர்தான?" என்றான். "ஆமா மாப்ள" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசுக்குப் போய் முகத்தைக் காட்டினார். ஏணியை எடுத்துக்கொண்டு நாலாவது மாடிக்குப் போய், கணக்குப் பிரிவு மேடத்தின் தலைக்கு நேரே இருந்த காற்றுத் துவாரத்தின் தகடுகளை வேறு பக்கம் திருப்பிவிட்டார். "நான் போன் பண்ணவே இல்லையே சார்?" என்று மேடம் ஆச்சரியப்பட்டார். "சும்மா ஒரு செக்கிங்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். டம்மியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவ்வளவு வீரம் அவரிடம் கிடையாது.

மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில், மகள் குழந்தையோடு பழைய காரில் ஏறினாள். மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் பைகளையும் ஃபிளாஸ்க்குகளையும் ஏற்றிக்கொண்டு புது வண்டியில் பின்னால் வந்தார்கள். பைகளுக்குப் பின் சீட்டுத் தனி ஏசி. இந்த நியாயம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹார்ன் அடித்தது. அவருக்கு அது மங்கள வாத்தியமாகவே கேட்டது.

வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. உள்ளே சில்லென்று இருந்தது. மனைவி வழக்கம்போல் பக்கத்து சீட்டில். எதற்கும் இருக்கட்டும் என்று காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டே ஏறியிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மனசு உறுத்தியது. ஆனாலும் வண்டி ஓட ஓடப் பழைய பெருமை மெல்லத் தலைதூக்கிற்று. கை தானாகப் போய் நாப்பை நீல முனையில் வைத்துவிட்டது. எப்போது வைத்தது என்று அவருக்கே தெரியாது.

பாலத்துக்கு முந்தைய சிக்னலில் நின்றபோது மகள் பின்னாலிருந்து சொன்னாள். "அப்பா, கொஞ்சம் கொறைங்களேன். பாப்பா காது சில்லுன்னு இருக்கு."

"இதோ."

கை நாப்பின் மேல் போய் உட்கார்ந்தது. இத்தனை வருஷப் பழக்கம். மணிக்கட்டு சும்மா திரும்பத் தயாராகிவிட்டது. அவர் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பினார். மனைவி ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல்கள் நாப்பை இறுக்கிப் பிடித்தன. கேபிள் சேர்ந்திருந்ததால் இப்போது கனமாக இருந்தது. திருப்பினார். உள்ளே எங்கோ கதவு நகரும் சத்தம் கேட்டது. காற்று தணிந்து இதமானது.

"கொறச்சாச்சாப்பா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி பதில் சொன்னாள். "கொறச்சுட்டாருடி. நான் பார்த்துட்டேன்."

பச்சை விழுந்தது. அவர் வண்டியை எடுத்தார். அவள் காதைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.